சாமான் வண்டியில் ஏறியவர்கள்

அக்காவின் படத்திறப்புக்கு ஆட்கள் லோடு வண்டிகளில் வந்து இறங்கினார்கள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். கட்சிக்காரர்கள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நான் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் வண்டி வந்து நின்றது. டிரைவர் பின்பக்கத் தட்டியைக் கழற்றிவிட, பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி. அதற்கும் பின்னால் கொடி கட்டிய டிராக்டர். யாருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான். அந்த வண்டிகளில் இரண்டைப் பேசி வரச் சொன்னதும் நான்தான்.

அக்கா என்று நான் எழுதுவது எங்கள் பகுதி விவசாயக் கூலிகளின் சங்கத்தை நடத்தியவரை. என் கூடப் பிறந்தவர் அல்ல. தெருவில் சின்னப் பிள்ளையிலிருந்து பல் போனவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நெட்டையான உடம்பு. காட்டு வேலைக்குப் போகிற மற்றப் பெண்களைப் போல சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். கரும்பு வெட்டும்போது இடது சுண்டுவிரலின் நுனி போயிருந்தது. படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் ஒவ்வொரு எழுத்தாக, எதிரில் எந்த அதிகாரி காத்திருந்தாலும் அவசரப்படாமல். எங்கள் ஆட்கள் நிலக்காரர்களை 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் 'அண்ணா' என்று கூப்பிட்டார். கேட்கச் சின்ன விஷயம். அதற்காக ஒரு வருஷம் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

நான் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். பிளஸ் டூ முடித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

அன்று காலை தக்காளி பறிக்கப் போன டெம்போவில் முப்பது பெண்கள் நின்றபடி போயிருக்கிறார்கள். ஓரத்தில் நின்ற ஒருத்தி வளைவில் சரிந்திருக்கிறாள். அக்கா அவள் கையைப் பிடித்திருக்கிறார். பிடி நழுவிவிட்டது. டெம்போ நிற்பதற்குள் பின்னால் வந்த டிராக்டர் அவள் மேல் ஏறிவிட்டது. அவளை மடியில் கிடத்தி தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய், அங்கே அவள் இறந்துவிட்டாள் என்று சொன்ன பிறகு, நேராக என்னிடம் வந்திருந்தார்.

"நீ எழுதுவியாமே பாப்பா. கலெக்டருக்கு எழுது."

"உக்காருங்கக்கா. மொதல்ல தண்ணி குடிங்க."

"அப்பறம் குடிக்கிறன். எழுது. சாமான் ஏத்துற வண்டியில எங்கள ஏத்துறாங்க. நாங்க சாமான் இல்லீங்க. உக்கார எடம் இருக்குற வண்டி வேணும். அவ்வளவுதான்."

நான் 'மேன்மை பொருந்திய ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இதுல எங்க இருக்குது நான் சொன்னது? யாரோ கோயில்ல நின்னு வரம் கேக்குற மாதிரி இருக்குது. நான் சொன்னத எழுது."

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. அதற்குக் கீழே அவர் தன் பெயரை எழுதி முடிக்கிற வரைக்கும் நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு விடிகாலையில், டெம்போக்கள் வந்து ஆள் ஏற்றுகிற பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, இருக்கை போட்ட வண்டி வந்தால்தான் இனி யாரும் ஏறப் போவதில்லை என்று சொன்னார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோற்றுத் தூக்குப்போசியைத் தரையில் வைத்துவிட்டு முதலில் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு, பெரிய தக்காளித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"என்னா, உங்களுக்குப் பஸ்ஸு வேணுமாமா? ஏசி போட்டு அனுப்பட்டுமா?"

"பஸ்ஸு வேணாங்கண்ணா. உக்கார எடம் இருந்தாப் போதும்."

"யாருக்கு யாரு அண்ணன்?"

"சரிங்க. அப்புடின்னா உங்க வூட்டு மாட்ட எப்புடி ஏத்துவீங்களோ அப்புடியாச்சும் ஏத்துங்க. மாட்டக் கயிறு போட்டுக் கட்டித்தான ஏத்துறீங்க, வுழுந்துடக் கூடாதுன்னு?"

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் யாரும் காட்டுக்குப் போகவில்லை. தக்காளி செடியிலேயே பழுத்துத் தரையில் விழுந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அழுகல் வாடை தெருவரைக்கும் வரும். எங்கள் வீடுகளில் கேழ்வரகு மாவு தீர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று குடும்பத்தைப் பட்டினி போடுகிறாயா என்று கத்தினார். ஆறாவது நாள், என் பக்கத்து வீட்டுக்காரி விடியும் முன்னே யாருக்கும் தெரியாமல் ஒரு டெம்போவில் ஏறிப் போய்விட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அக்கா அவளைத் திட்டவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். கிளம்பும்போது, "கொழந்தைக்குச் சளி புடிச்சிருக்குது பாரு" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாப்பில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான்.

பத்தாம் நாள் ஒரு வேன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டி ஓய்ந்துபோன பழைய வேன். சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தெரிந்தது. இறந்துபோனவளின் தங்கையை முதலில் ஏறச் சொல்லி ஜன்னலோரம் உட்கார வைத்தார் அக்கா. எல்லோரும் ஏறிய பிறகு அவருக்கு இடமில்லை. நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். நாங்கள் தோட்டத்தில் இரண்டு பாத்தி பறித்து முடித்த பிறகு அவர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு சுற்றியிருந்த ஏழு ஊர்களில் யாரும் லோடு வண்டியில் ஏறவில்லை. பல வருஷம் அது அப்படியே நின்றது. மத்தியானம் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று வந்தது. குடிக்கிற தண்ணீரைக் கையில் ஊற்றாமல் டம்ளரில் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் மனு எழுதியது நான். ஆனால் மனுவால் எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா போய் நிற்பார், நடக்கிற வரைக்கும் நிற்பார். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்களைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். "நிக்கிறம்ங்க, பரவால்ல" என்றார். மத்தியானம்வரை நின்றோம். என் கால் வீங்கிப்போனது. கடைசியில் பியூன் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "கால நீட்டிக்கோ" என்றார்.

அந்த வருஷங்களை நான் நல்ல வருஷங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவை எதன் மேல் நின்றன என்று அப்போது தெரியவில்லை. எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதன் மேல் நின்றன. அது மாறியதும் எல்லாம் மாறியது. கிணறுகள் வற்றின. கரும்பு போட்டவர்கள் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்த கரும்பை வெட்ட மெஷின் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். வடநாட்டு ஆட்கள் வந்து தோட்டத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். வேன் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினார்கள். சங்கக் கூட்டத்துக்குப் பாய் விரித்தால் பாயில் பாதி காலியாக இருந்தது. அப்புறம் பாயே விரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கிட்னி போய்விட்டது என்று சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை தருமபுரி போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அவர் மகன் பெங்களூரில் பெயிண்ட் வேலை செய்துகொண்டிருந்தான். வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். நான் கூடப் போனேன்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலோரத்தில் அக்கா. பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி ஓடியது. அதில் பெண்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் தக்காளிக் கூடைகளின் மேல் ஏறி உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்துவிட்டார்.

"நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து!"

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா, உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

அக்கா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அந்தப் பெண்களைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். சத்தம் சரியாக வரவில்லை. அந்த வண்டியில் இருந்தவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். யாரோ தெரிந்த பாட்டி கூப்பிடுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருத்தி கையை ஆட்டினாள். பிக்கப் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"யாரு பாப்பா அவங்க? எந்த ஊரு?"

"தெரியலங்கக்கா."

"என்னைய அவங்களுக்குத் தெரியல" என்றார். கோபமோ வருத்தமோ குரலில் இல்லை. மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அதற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் செங்கல் சூளையில் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்துவிட்டார். என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பிக்கப் வைத்திருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஊர் ஊராக ஆட்களைக் கூட்டி வண்டியில் ஏற்றிவிட மேஸ்திரி வேண்டும், எல்லாப் பொம்பளைகளையும் உங்களுக்குத் தெரியும், நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள் என்றார். வேன் என்றால் செய்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். அப்போது சரி என்றேன்.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எப்படியும் ஏறத்தான் போகிறார்கள், நான் கூட இருந்தால் மெதுவாகப் போ என்று டிரைவரிடம் சொல்லவாவது முடியும். சொல்லவும் செய்தேன். முதல் ஒரு மாதம் சொன்னேன்.

முதலில் நான் போன் செய்தது பக்கத்து வீட்டுக்காரிக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேரில் போய்ச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

"பிக்கப்பா?" என்றாள். பாத்திரச் சத்தம் நின்றது. "சரி. நீயே கூப்புடுறன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் வந்தாள். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அக்காவின் பேச்சைக் கேட்டு வண்டியில் ஏறாமலிருந்த கடைசி ஆட்களும் என் குரலைக் கேட்டு ஏறினார்கள். நான் கேபினில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேஸ்திரிக்கு அந்த இடம்தான்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதற்கு எனக்கு நேரம் கிடைக்காமல் போனது. அவருடைய தம்பி மனைவி கூட்டிப்போனாள். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"வேலைக்குப் போறியா?"

"போறங்கக்கா."

"எதுல போறீங்க?"

"வேன்லதாங்கக்கா."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதச் சொன்னா பக்கம் பக்கமா எழுதுவ. பொய் சொல்றப்ப மட்டும் உனக்கு வார்த்த கெடைக்கறதில்ல."

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை அன்றைக்கே விட்டிருப்பேன். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரச் சொன்னார். அளவாக ஒரு வாய் குடித்தார். "பொண்ணு நர்சு படிப்ப முடிச்சிட்டாளா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்றேன். "முடிக்க வையி" என்றார். அதற்கப்புறம் மூன்று வாரம்கூட அவர் இருக்கவில்லை.

படத்திறப்பு அன்று மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். அக்காவின் கூடவே இருந்து மனு எழுதியவர் என்று மைக்கில் அறிவித்தார்கள். சாமான் வண்டியில் ஏறமாட்டோம் என்று அவர் சொன்னதையும் அந்த ஒன்பது நாளையும் சொன்னேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கட்சிக்காரர் ஒருவர் அக்காவின் வழியில் தொடர்ந்து நடப்போம் என்று முடித்தார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து, வந்த வண்டிகளிலேயே ஏறினார்கள். தட்டியை மாட்டியாயிற்றா என்று நான் சரிபார்த்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வேலை இல்லை. சேலம் பக்கத்தில் நிலக்கடலை பிடுங்க ஆள் கேட்டார்கள். தினமும் தொப்பூர் கணவாய் இறங்கிப் போய்வர வேண்டும். பதினாறு பேரை ஏற்றினோம். நாலாவது நாள் காலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். சுங்கச்சாவடியில் போலீஸ் நிற்கும் என்று டிரைவர் என்னைப் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தான். போட்டிருந்தேன்.

இறக்கத்தில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை, வழுக்கியது. லாரியின் பின்னால் இடிக்காமலிருக்க ஸ்டியரிங்கை ஒடித்தான். ஓரத்துச் சுவரில் மோதி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. எனக்கு இடது கை உடைந்தது. பெல்ட் தோளில் அறுத்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் அதில் தொங்கிக்கொண்டே நான் பின்பக்கத்தைப் பார்க்க முயன்றேன். தார்ப்பாய்தான் தெரிந்தது. அது அசைந்துகொண்டிருந்தது.

அங்கே டிபன் கடை வைத்திருந்தவர்களும் லாரிக்காரர்களும் ஓடிவந்து தூக்கினார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருத்தி கல்யாணமாகி ஒரு வருஷமே ஆனவள். இன்னொருத்தி என் பக்கத்து வீட்டுக்காரி. அவளை ரோட்டோரத்தில் கிடத்தி முகத்துக்கு மேல் யாரோ துண்டைப் போட்டிருந்தார்கள். அவள் சட்டைப் பாக்கெட்டில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கைக்குக் கட்டுப் போட்ட பிறகு போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கேட்டார்கள். யாருக்கு எழுத வரும் என்றார் ஏட்டு. காயத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி என்னைக் காட்டினாள்.

"இந்தக்கா எழுதுவாங்கங்க. கலெக்டருக்கே எழுதினவங்க."

வலது கை நன்றாகத்தான் இருந்தது. எழுதினேன். வண்டியின் எண், இடம், நேரம், அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியது, எல்லாம் வரிசையாக வந்தது. கூலி வேலைக்குச் சென்றுகொண்டிருந்தோம் என்று எழுதினேன். யார் கூப்பிட்டு, யார் அந்த வண்டியில் ஏற்றினார்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை எடுத்து அடுத்த வரிக்குப் போனேன். எழுதி முடித்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் எதுவும் விட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லை. எழுத்து நல்லா இருக்குதும்மா என்றார் ஏட்டு.

காரியம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் மகள் மட்டும் இருந்தாள். ஒன்பது நாள் காலத்தில் அக்கா மடியில் வைத்திருந்த அந்தக் குழந்தைதான். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். என் வாயால் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"உங்கம்மாவ வேலைக்குக் கூப்புட்டது நான்தான் பாப்பா."

"தெரியும் பெரீம்மா. அம்மா போனு எங்கிட்டதான இருக்குது. கடைசியா எடுத்துப் பேசுனது உங்க நெம்பருதான்."

"புகாருல நான் அத எழுதல."

அவள் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"எழுதியிருந்தா மட்டும் என்னாங்க ஆவப் போவுது? நீங்க கூப்புடலன்னா வேற யாராச்சும் கூப்புட்டிருப்பாங்க. டீ வெக்கட்டுமா?"

அவள் என்னைச் சபித்திருக்கலாம். டீ வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

கட்டுப் பிரித்ததும் வீடு வீடாகப் போனேன். மேஸ்திரி வேலையை விட்டுவிட்டேன், இனி யாரும் லோடு வண்டியில் ஏற வேண்டாம், மறுபடியும் வேன் கேட்போம் என்றேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகப் பேசினார்கள். அக்கா இருந்த காலம் வேற என்றார்கள். மனுநீதி நாளில் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். தோட்டம் வைத்திருந்த ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. விபத்தைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"வேனுக்கு நான் எங்கம்மா போவட்டும்? வடக்கத்தி பசங்க எட்டு பேரு காட்டுலயே தங்கிக்கிறாங்க. அவங்களுக்கு வண்டியே வேணாம். உங்க ஆளுங்களும் வேலைக்கு வரணும்னுதான் நான் பிக்கப்பாச்சும் அனுப்புறன்."

அவர் சொன்னதில் எந்த இடத்தில் எதிர்த்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவருக்கும் தெரிந்திருக்காது என்று தோன்றியபோதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

ஆனாலும் ஒரு திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். என்னோடு நாலு பேர் உட்கார்ந்தார்கள். பிக்கப் வந்தது. என் இடத்துக்கு வந்திருந்த புது மேஸ்திரி இருபத்தைந்து வயதுப் பெண். கேபினிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"உங்க மேல மரியாத இருக்குதுங்கக்கா. ஏழு மணிக்குள்ள நான் பதினெட்டுப் பேர காட்டுல எறக்கணும். வழி வுடுங்க."

நாங்கள் வழியை மறிக்கவில்லை, ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் எங்களைப் பார்க்காமல் ஏறினார்கள். இரண்டாம் நாள் மூன்று பேர். மூன்றாம் நாள் நானும், கால் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத ஒருத்தியும். நாலாம் நாள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த டவுன் பஸ் எனக்காக நின்றது. ஏறலையா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

நூறு நாள் வேலை அப்போது எங்கள் ஊரில் நடக்கவில்லை. வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க வேண்டும். மகளுக்குக் கடைசி வருஷம். ஒரு மாதம் கழித்து அந்த மேஸ்திரிப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். அவள் எதுவும் குத்திப் பேசவில்லை. ஆறு மணிக்கு வந்துடுங்கக்கா என்றாள்.

வண்டியின் பின்னால் காலை எங்கே வைத்து ஏறுவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேரை ஏற்றியிருக்கிறேன், பிக்கப்பின் பின்னால் நான் ஏறியதில்லை. டயரின் மேல் காலை வைத்தபோது மேலேயிருந்து ஒரு கை நீண்டது. பக்கத்து வீட்டு மகள்.

"புடிச்சிக்கிட்டு வாங்க பெரீம்மா. எடமிருக்குது."

"நீ காலேஜுக்குப் போவல?"

"லீவு வுட்டிருக்காங்க."

அது லீவு விடுகிற காலம் இல்லை. அவள் கையைப் பிடித்து ஏறினேன். பின்தட்டியை மாட்டினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் ஒருத்தியை நெருக்கி நிற்க வைத்தார்கள். அன்றைக்குக் கடத்தூர்ப் பக்கம் சாமந்தி பறிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவர் வேகமாகத்தான் ஓட்டினான்.